முதிய கண்களும் மையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கண்ணுக்கு மை தீட்டுவது இளம்பெண்களுக்கு உரியது என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த பெண் ஒருவர் திருமண வீட்டுக்கு மையிட்டுக்கொண்டு கிளம்பினால், "இந்த வயசுல எதுக்கு?" என்று முதலில் கேட்பவர்கள் வீட்டில் உள்ளவர்களே. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இந்தக் கேள்வி அண்மைக் காலத்தது என்பது தெரிகிறது. மை தோன்றி வளர்ந்த நாடுகளில் அதற்கு வயது வரம்பு இருந்ததில்லை. பல இடங்களில் ஆண், பெண் வேறுபாடுகூட இருந்ததில்லை. மை எப்படி மருந்தாக இருந்து அலங்காரமானது, எப்படி இளமையின் அடையாளமாகச் சுருங்கியது, முதிர்ந்த தோலுக்கு ஏற்ற கண் ஒப்பனை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

சொற்கள்

தமிழில் மை என்ற சொல்லுக்குக் கருமை என்றும் பொருள் உண்டு. வடமொழியில் இது அஞ்சனம். இந்தியில் காஜல், உருது வழியாக வந்த பெயர் சுருமா. அரபு மொழியில் குஹ்ல். நுண்ணிய கண் மைப் பொடியைக் குறித்த 'அல்-குஹ்ல்' என்ற சொல், ஐரோப்பிய வேதியியலாரின் கையில் நுண்பொடிக்கும், பின்னர் வடித்தெடுத்த சாரத்துக்கும் பெயராகி, இறுதியில் ஆல்ககால் என்று நின்றுவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை.

எகிப்து

கண் ஒப்பனைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் பெரும்பகுதி எகிப்தைச் சேர்ந்தவை. அரச வம்சங்கள் தோன்றுவதற்கு முன்பே, ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளில், நிறப்பொடி அரைக்கும் கல் தட்டுகள் இறந்தவரோடு வைக்கப்பட்டன. வரலாற்று மாணவர்கள் எல்லோரும் படிக்கும் நார்மர் தட்டு, ஏறக்குறைய கி.மு. 3100ஐச் சேர்ந்தது, வடிவில் அத்தகைய ஒப்பனைத் தட்டுதான். அதன் நடுவில் உள்ள வட்டக் குழி மை அரைக்கும் இடத்தைக் குறிக்கிறது. மன்னனின் வெற்றியைப் பதிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள் ஒரு மைத் தட்டு என்பதிலிருந்தே அதன் மதிப்பை உணரலாம்.

எகிப்தியர் இரண்டு நிறங்களைப் பயன்படுத்தினர். பச்சை நிறம் மாலகைட் என்னும் செம்புத் தாதுவிலிருந்து வந்தது. கருப்பு, கலீனா என்னும் ஈயத் தாதுவிலிருந்து வந்தது. தொடக்கத்தில் பச்சை ஓங்கியிருந்தது. பிற்காலத்தில் கருப்பு அதன் இடத்தைப் பிடித்தது. அரசன், அரசி, எழுத்தர் எல்லோரும் மையிட்டனர். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுவடியில் கண் நோய்களுக்கான குறிப்புகள் ஏராளம். அவற்றில் இந்தத் தாதுக்கள் மருந்தாகவே வருகின்றன.

முதிய கண்ணைப் பற்றிப் பேசும்போது இரண்டு சிலைகளைக் குறிப்பிட வேண்டும். இரண்டும் இப்போது பெர்லினில் உள்ளன. முதலாவது, அரசி தியேயின் மரத்தலை. கைக்குள் அடங்கும் அளவே உள்ள சிறு சிற்பம். வாயின் இருபுறமும் கீழிறங்கும் கோடுகள், சற்றே கனத்த இமைகள் என வயதை மறைக்காமல் செதுக்கியிருக்கிறான் சிற்பி. அந்த இமைகளின் ஓரத்தில் கருங்கோடு தெளிவாக ஓடுகிறது. முதுமையும் மையும் ஒரே முகத்தில் இயல்பாக அமர்ந்திருப்பதற்கு இதைவிடப் பழைய, அழகிய சான்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது, 1912ஆம் ஆண்டு அமர்னாவில் கண்டெடுக்கப்பட்ட, உலகப் புகழ் பெற்ற நெஃபர்டிட்டி சிலை. 2009ஆம் ஆண்டு வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வில் வியப்பான செய்தி ஒன்று கிடைத்தது. மேற்பூச்சுக்கு உள்ளே சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய இன்னொரு முகம் இருக்கிறது. அதில் வாயோரத்திலும் கன்னத்திலும் சுருக்கங்கள் உள்ளன. மூக்கில் சிறு மேடு உள்ளது. சிற்பி மேலே சாந்து பூசி அவற்றை மழித்துவிட்டான். கோடுகளை மறைத்து முகத்தை இளமையாக்கும் வழக்கத்துக்கு 3300 ஆண்டு வயது என்று கொள்ளலாம். மாமியார் தியேயின் சுருக்கங்களை விட்டுவைத்தார்கள், மருமகளுடையதை மறைத்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

எகிப்திய மையின் வேதியியலும் சுவையானது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய மைக் குப்பிகளில் எஞ்சியிருந்த பொடியை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் முடிவுகளை வெளியிட்டனர். கலீனாவோடு, இயற்கையில் எளிதில் கிடைக்காத ஈயக் குளோரைடு சேர்மங்களும் அதில் இருந்தன. அவற்றை எகிப்தியர் உப்பும் நீரும் கலந்து பல நாள் உழைத்துத் தயாரித்திருக்க வேண்டும். 2010இல் வெளியான அடுத்த ஆய்வு, மிகச் சிறிய அளவில் இச்சேர்மங்கள் தோல் உயிரணுக்களில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தூண்டுவதைக் காட்டியது. இது நோய் எதிர்ப்பைத் தட்டியெழுப்பும் ஒரு குறிப்பு. இதை வைத்து "ஈய மை கண்ணுக்கு நல்லது" என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஈயம் உடலில் சேர்ந்துகொண்டே போகும் நஞ்சு. ஆய்வு சொன்னது ஒரு வேதிவினையைப் பற்றி மட்டுமே.

மருத்துவ நூல்களில் அஞ்சனம்

இந்திய மருத்துவ நூல்கள் அஞ்சனத்தை அன்றாட ஒழுக்கத்தில் சேர்த்தன. சரக சம்ஹிதை நாள்தோறும் சௌவீராஞ்சனம் இடச் சொல்கிறது. ஐந்து அல்லது எட்டு இரவுகளுக்கு ஒருமுறை, கண்ணீரை வடியச் செய்யும் ரசாஞ்சனத்தை இடச் சொல்கிறது. பல் துலக்குவது, எண்ணெய் தேய்ப்பது போன்றவற்றின் வரிசையில் இது வருகிறது. பெண்ணுக்கு மட்டும் என்றோ இளையோருக்கு மட்டும் என்றோ அங்கே இல்லை. சுசுருத சம்ஹிதை அஞ்சனங்களைச் சுரண்டி நீக்குவது, புண் ஆற்றுவது, பார்வையைத் தெளிவிப்பது எனச் செயலால் பிரித்து, அவற்றை இடும் கோலைப் பற்றியும் பேசுகிறது.

அரபு நாடுகளில் கண் மருத்துவருக்கே 'கஹ்ஹால்' என்று பெயர், அதாவது மையிடுபவர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாக்தாதில் வாழ்ந்த அலி இப்னு ஈசா எழுதிய கண் மருத்துவ நூல் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. ரோமானியரிடமும் இதே நிலைதான். அவர்களது கண் மருத்துவர்கள் மருந்துக் கட்டிகளின்மீது பெயர் பொறிக்கப் பயன்படுத்திய சிறு கல் முத்திரைகள் பிரான்சிலும் பிரிட்டனிலும் நிறையக் கிடைத்துள்ளன.

கண் மங்குவது, நீர் வடிவது, இமை தடிப்பது எல்லாம் வயதானவர்களுக்கே மிகுதி. எனவே மருந்தாக இருந்த காலத்தில் மையை அதிகம் நாடியவர்களில் முதியோரும் இருந்திருப்பர் என்று கருத இடமுண்டு.

தமிழகத்தில் மை

தமிழ் இலக்கியம் மையுண்ட கண்ணை 'உண்கண்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. மை தீட்டுவதற்கு 'எழுதுதல்' என்றே வினை. திருக்குறள் 1127இல் தலைவி, காதலர் கண்ணுக்குள் இருப்பதால் மை எழுதினால் அவர் மறைந்துவிடுவார் என்று அஞ்சி எழுதாமல் விடுகிறாள். 1285இல், எழுதும்போது கண்ணுக்குக் கோல் தெரியாதது போல, நேரில் கண்டதும் காதலரின் குற்றம் தெரியவில்லை என்கிறாள். மைக்கோலை மிக அருகில் பிடித்துப் பழகியவருக்கே தோன்றக்கூடிய உவமை இது. சிந்துவெளி நகரங்களில் செம்பு மைக்கோல்கள் கிடைத்தன. தமிழ்நாட்டில் கீழடி அகழாய்விலும் செம்பாலான மைக்கோல் கிடைத்துள்ளது.

வீட்டில் மை தயாரித்த முறையை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைப் பருத்தித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் பலமுறை நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக முறுக்குவார்கள். அகலில் விளக்கெண்ணெய் விட்டு ஏற்றி, இருபுறமும் செங்கல் வைத்து, அதன்மேல் சந்தனம் பூசிய பித்தளைத் தட்டைக் கவிழ்ப்பார்கள். விடியும்போது தட்டில் கரி படர்ந்திருக்கும். அதைச் சுரண்டி, விளக்கெண்ணெயில் குழைத்துச் சிமிழில் எடுத்து வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் இந்த வேலை அப்பத்தாவுடையது. தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அவர் கைம்மைதான் போகும். ஆனால் முப்பது வயதிலேயே தாலியறுத்த அவர் கண்ணில் பகலில் மையைப் பார்த்ததில்லை. கண் எரிகிறது என்று சொல்லி, விளக்கணைத்த பிறகு விரல் நுனியால் தடவிக்கொள்வார். விடியுமுன் முந்தானையால் துடைத்துவிடுவார். மருந்தென்றால் போடலாம், பிறர் கண்ணில் பட்டால் குற்றம். கைம்பெண்ணுக்குப் பூ, குங்குமம், மை மூன்றும் விலக்கப்பட்டபோது, அந்தக் காலத்தில் வயதான பெண்களில் பலர் கைம்பெண்களாகவே இருந்ததால், 'வயதானால் மை கூடாது' என்பதும் சேர்ந்தே ஊன்றிவிட்டது. முதுமைக்கும் மைக்கும் நம்மிடையே பகை வந்த வழி இது என்பது என் கருத்து.

தொழிற்சாலை மையும் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் வாசனைப் பொருள் வணிகம் செய்த யூஜின் ரிம்மெல் விற்ற இமைமயிர்ப் பூச்சு அத்தனை பரவியது. பிரெஞ்சு, இத்தாலியன் முதலிய மொழிகளில் மஸ்காராவுக்கே 'ரிம்மெல்' என்ற பெயர் வந்தது. அமெரிக்காவில் 1915இல் டி. எல். வில்லியம்ஸ், தம் அக்கா மேபெலின் பெயரைத் தழுவி மேபெலின் நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்து மஸ்காரா ஒரு கட்டி. ஈரத் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். குழாய்க்குள் கோலோடு வரும் மஸ்காராவை 1950களின் இறுதியில் ஹெலினா ரூபின்ஸ்டீன் நிறுவனம் பரப்பியது.

இடையில் நடந்த ஒரு கொடுமை ஒப்பனைப் பொருள் சட்டத்தையே மாற்றியது. 1933 அளவில் 'லாஷ் லூர்' என்னும் இமைமயிர்ச் சாயம் அமெரிக்க அழகு நிலையங்களில் விற்பனையானது. அதில் இருந்த, தார் எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் சாயப்பொருளால் பல பெண்களுக்குக் கண் புண்ணானது, சிலர் பார்வை இழந்தனர், ஒருவர் இறந்தார். அன்றிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே பற்றியது என்பதால் அரசால் அதைக் கைப்பற்ற முடியவில்லை. பாதிக்கப்பட்ட பெண் ஒருவரின் முன்பின் படங்களை அரசு அதிகாரிகள் கண்காட்சியில் வைத்தனர். 1938இல் ஒப்பனைப் பொருளையும் உட்படுத்தும் புதிய சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் முதலில் கைப்பற்றப்பட்ட பொருள் லாஷ் லூர்தான்.

இந்தியாவில் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் ஒப்பனைப் பொருள்கள் கொண்டுவரப்பட்டன. நிறத்துக்காக ஈயம், ஆர்செனிக் சேர்மங்களைச் சேர்ப்பது நம் விதிகளின்படி குற்றம். ஆயினும் சந்தையில் பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கும் சுருமாவைச் சோதித்தபோதெல்லாம் ஈயம் தென்பட்டிருக்கிறது. அமெரிக்கா, கோல் என்னும் மரபு மையை நிறப்பொருளாக ஏற்பதே இல்லை.

நம் ஊரில் ஐடெக்ஸ் மை டப்பி வந்ததும் வீட்டு மைக்கான அகல் அணைந்தது. 1960களின் தமிழ்த் திரைப்படங்களில் நாயகியரின் கண்ணோரத்தில் மீன்வால் போல நீண்ட கோடு ஊரெங்கும் பரவியது. அதே படங்களில் அம்மா வேடமிட்டவர்களின் கண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் கோடே இராது. அம்மா என்றால் மையில்லாத கண் என்பதைத் திரைப்படமும் நமக்குப் பாடமாக நடத்தியது.

மேலை நாட்டு விளம்பரங்களும் வேறுபட்டவை அல்ல. இசபெல்லா ரோசெல்லினி 1980களில் லான்கோம் நிறுவனத்தின் முகமாக விளங்கினார்; நாற்பது வயதைக் கடந்தபின் விலக்கப்பட்டார். வயதே காரணம் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அதே நிறுவனம் 2016இல், அவருடைய 63ஆம் வயதில், மீண்டும் அழைத்தது. அதற்கு முன்பே 2014இல் லோரியால் நிறுவனம் 69 வயது நடிகை ஹெலன் மிர்ரனைத் தன் விளம்பரத்துக்குத் தேர்ந்திருந்தது. நியாய உணர்வால் வந்த மாற்றம் என்று இதை நான் நினைக்கவில்லை. கையில் பணமுள்ள முதிய பெண்கள் எண்ணிக்கையில் பெருகிவிட்டார்கள். எப்படியானாலும் 'முதிர்ந்த தோலுக்கு ஏற்ற ஒப்பனை' என்ற பேச்சு இதன் பின்னரே வலுப்பெற்றது.

முதிய இமைக்கு எது பொருந்தும்

உடலிலேயே மெல்லிய தோல் இமையின் தோல். வயதாக ஆக அதில் உள்ள கொலாஜனும் நெகிழ்வுப் புரதமும் குறைந்து, மேலிமை தளர்ந்து மடிப்பின்மேல் இறங்குகிறது. கீழிமையின் அடியில் கொழுப்பு முன்தள்ளிப் பை போலாகிறது. இமைமயிர் அடர்த்தி குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் உலர்வும் மிகுதி. இருபது வயதில் கற்ற முறையை அறுபதிலும் செய்தால் பொருந்தாமல் போவது இதனால்தான். அழகு போய்விட்டதால் அல்ல.

பளபளக்கும் ஐ ஷேடோவில் காக்காப்பொன் எனப்படும் மைக்காத் துகள்கள் இருக்கும். அவை சுருக்கத்தின் மேட்டில் ஒளிர்ந்து, பள்ளத்தை இன்னும் ஆழமாகக் காட்டும். ஆகவே பளபளப்பில்லாத நிறங்களே நல்லவை. உலர்ந்த பொடியை அதிகம் போட்டால் கோடுகளில் தேங்கிவிடும். மெல்லிய பூச்சாகக் குழைவான கிரீம் வகை ஒட்டி நிற்கும். நிறத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு மடிப்பில் தீட்டினால், திறந்ததும் தளர்ந்த இமை அதை விழுங்கிவிடும். கண்ணாடியை நேரே பார்த்து, கண் திறந்த நிலையில், மடிப்புக்குச் சற்று மேலே தீட்ட வேண்டும்.

நீர்ம ஐலைனர் சுருங்கிய தோலில் ரம்பப்பல் போல உடைந்து விழும். மென்மையான பென்சிலால் மேலிமை மயிரின் வேரோரமாகச் சிறு சிறு புள்ளிகளாக வைத்து, பஞ்சுக் குச்சியால் இணைத்துவிட்டால் கோடு நேராக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தோலை விரலால் இழுத்துப் பிடித்துக் கோடு போடுவது பலருக்குப் பழக்கம். விட்டதும் கோடு வளைந்துவிடும். இறங்கிய கண்ணோரத்தில் மீன்வால் கோடு இன்னும் கீழே இறக்கிக் காட்டும் என்பதால், வெளிமுனைக்குச் சற்று முன்பாகவே மேல்நோக்கித் தேய்த்து முடிப்பது நலம்.

'வயதானால் கருப்பை விட்டுப் பழுப்புக்கு மாறுங்கள்' என்று மேலைநாட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. அது வெளிர்ந்த தோலும் நீலக் கண்ணும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. நம் மாநிறத்தில் வெளிர் பழுப்பு அழுக்குப் போலத் தோன்றும். அடர்ந்த காப்பிக்கொட்டை நிறமோ, தேய்த்து மென்மையாக்கிய கருப்போ பொருந்தும். நம்மில் பலருக்குக் கண்ணடியில் இயல்பாகவே கருமை உண்டு. கீழிமையில் இட்ட மை வழிந்து அதை இரட்டிப்பாக்கும். கீழே விட்டுவிட்டு மேலே மட்டும் இடுவது முகத்தைத் தெளிவாக்கும்.

இமையின் உள்விளிம்பில், நாம் மரபாக மை இடும் அந்த ஈரக் கோட்டில், இடுவதைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. கண்ணீர் விரைவில் காயாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் அந்த விளிம்பில்தான் திறக்கின்றன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், உள்விளிம்பில் பென்சில் தீட்டியவர்களுக்கு, வெளியே தீட்டியதைவிட அதிகமான துகள்கள் சில நிமிடங்களிலேயே கண்ணீர்ப் படலத்தில் கலந்தது பதிவாயிற்று. ஏற்கெனவே உலர்ந்த கண்ணுக்கு இது எரிச்சல்தான்.

மூக்குக்கண்ணாடியை மறந்துவிடக் கூடாது. கிட்டப் பார்வைக்காக அணியும் பிளஸ் கண்ணாடி கண்ணைப் பெரிதாகக் காட்டும். சிதறிய துகளையும் சேர்த்தே காட்டும். மைனஸ் கண்ணாடி கண்ணைச் சிறிதாக்குவதால் கோடு சற்று அழுத்தமாக இருக்கலாம். கண்ணாடியைக் கழற்றினால் முகமே தெரியாதவர்களுக்கு உருப்பெருக்கும் கண்ணாடி சன்னலோரம் வேண்டும். குறள் சொன்ன 'கோல் தெரியாத கண்' நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் நேரடிப் பொருளிலேயே வந்துவிடுகிறது.

நீர் புகாத மஸ்காராவைக் கழுவ அழுத்தித் தேய்க்க வேண்டியிருப்பதால், மெலிந்த இமைமயிருக்கும் தோலுக்கும் அது ஏற்றதல்ல. திறந்த மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, கிருமி சேரும். மகளும் பேத்தியும் ஒரே டப்பியைப் பயன்படுத்துவதும் அப்படித்தான். வீட்டில் செய்த மையும் புகைக்கரியே. அதில் ஈயம் இல்லாவிட்டாலும் தூய்மைக்கு உறுதி இல்லை, கைக்குழந்தையின் கண்ணுக்குள் இடுவதை மருத்துவர்கள் ஏற்பதில்லை. கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதிக்கும் நாள் வரை கண்ணருகே எந்தப் பூச்சும் போடாமல், அனுமதி கிடைத்த பின் பழைய டப்பிகளை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கித் தொடங்க வேண்டும். புதிய வில்லை வழியே தங்கள் முகத்தைத் தெளிவாகப் பார்ப்பது அவர்களில் பலருக்குப் பல ஆண்டுகளில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.